ரேட்டு மலையேறுது!

கொடைக்கானல் டாக்ஸிக்காரரை ஒருமுறையாவது திட்டாமல் மலையிறங்கியவர்கள் குறைவு. ‘இந்தா இருக்கு பில்லர் ராக்ஸ், அதுக்கு இவ்வளவா?’ என்று. நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில், ‘பர்மிட், ஸ்டாண்டு எல்லாத்தையும் தூக்கிட்டு, யார் வேணா ஓட்டலாம்னு திறந்து விட்டா ரேட்டு தன்னால குறையும்’ என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

போட்டி வந்தால் விலை குறையும் என்று காமர்ஸ் பரீட்சையில் நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நஷ்டத்துக்கு விற்று, எதிராளியைக் காலி செய்துவிட்டு, பிறகு விலையை ஏற்றும் வியாபாரியைப் பற்றியும் அதே புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. அதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

திறந்து விடுவது ஒன்றும் இனிமேல் நடக்கப்போகிற விஷயமில்லை. டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேண்டாம், சாதா கார் லைசென்ஸே போதும் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. 2023-ல் வந்த அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் விதிப்படி, ஆன்லைனில் விண்ணப்பித்து ஏழு நாளில் பதில் வராவிட்டால் பர்மிட் கொடுத்ததாகவே கணக்கு. கூட்ட நேரத்தில் ஆப் கம்பெனிகள் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்று 2020-ல் இருந்த வழிகாட்டுதலை, 2025 ஜூலையில் இரண்டு மடங்கு வரை என்று தளர்த்தினார்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் எது சார் கூட்டமில்லாத நேரம்? உள்ளூர் டிரைவர் டபுள் ரேட் கேட்டால் கொள்ளை. செல்போன் கேட்டால் டெக்னாலஜி!

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று தெரிய நியூயார்க்கைப் பாருங்கள். அங்கே மஞ்சள் டாக்ஸி ஓட்ட ‘மெடாலியன்’ என்றொரு உரிமம் வேண்டும். 2014 வாக்கில் அதன் விலை பத்து லட்சம் டாலர். ஆப் கார்களுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லாமல் விட்டதும் அது இரண்டு லட்சத்துக்கும் கீழே சரிந்தது. கடன் வாங்கி உரிமம் வாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2018-ல் டிரைவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆகஸ்டில்தான் நகரசபை விழித்துக்கொண்டு, புதிய ஆப் கார்களுக்கு வரம்பு போட்டது. நம் டெல்லியிலும் 2017 பிப்ரவரியில் ஆப் டிரைவர்களே ஸ்டிரைக் செய்தார்கள். ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்த ஊக்கத்தொகையைக் கம்பெனிகள் வெட்டிவிட்டன.

மலையில் இன்னொரு சிக்கல். ஒப்பந்த வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட மோட்டார் வாகனச் சட்டம் 74-வது பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஐந்து லட்சமாவது ஜனத்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். 2011 கணக்குப்படி கொடைக்கானலில் இருந்தவர்கள் 36 ஆயிரத்துச் சொச்சம் பேர். சீசனில் மலையேறுகிற கூட்டம் சட்டத்தின் கண்ணில் ஜனத்தொகை இல்லை! கடைசியில் ஹைகோர்ட்தான் வண்டிகளை எண்ண வேண்டி வந்தது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ரோட்டின் அகலம் அவ்வளவுதான் என்று கோர்ட்டுக்குப் புரிந்தது, பர்மிட்டை ஏழு நாளில் அள்ளிக்கொடுக்கச் சொல்பவர்களுக்குப் புரியவில்லை.

பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு, ‘அப்படியே கொடைக்கானலும் பார்த்துட்டு வந்துடலாம்’ என்று கிளம்புகிற குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். அறுபது கிலோமீட்டருக்கு மேல், வளைவுக்கு மேல் வளைவு. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் பாலபாடம். பனிமூட்டத்தில் எங்கே ஒதுங்கலாம் என்று தெரிந்தவர் ஸ்டீயரிங் பிடிப்பதற்கும், நேற்றுவரை சமவெளியில் ஓட்டியவர் பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

இதில் ஒயிட் போர்டு கூத்து வேறு. மஞ்சள் போர்டுக்காரர் வரி, பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் என்று கட்டிவிட்டு ஸ்டாண்டில் காத்திருப்பார். எதுவும் கட்டாத சொந்தக் கார், ‘ஃப்ரெண்டு வண்டி’ என்ற பெயரில் சவாரி அடிக்கும். இது சட்டப்படி தப்பு. பிடிக்க வேண்டியவர்கள் பிடிப்பதில்லை. தப்பு செய்பவருக்கு மட்டும் செலவு குறைவு என்றால் அதற்குப் பெயர் போட்டியா?

அதற்காக ஸ்டாண்டுக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2025 அக்டோபர் கடைசியில் மூணாறில் மும்பைப் பெண் ஒருவர் ஆப்பில் வாடகைக் கார் கூப்பிட்டார். உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் அதில் ஏறவிடாமல் மறித்தார்கள். போலீஸும் அவர்கள் பக்கமே பேசியது. அந்தப் பெண் வீடியோ போட்ட பிறகுதான் டிரைவர்கள் கைதானார்கள், இரண்டு போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். வந்த விருந்தாளியை மிரட்டிப் பிழைக்கிற தொழிலுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? ஆப் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு கிடையாது.

ஆனால் இரண்டு பக்கத்தையும் இப்படி மோதவிட்டது யார்? கட்டணம் நிர்ணயிக்கிற அதிகாரம் 67-வது பிரிவின்படி மாநில அரசிடம் இருக்கிறது. அதை எந்த லட்சணத்தில் பயன்படுத்துகிறார்கள்? சென்னை ஆட்டோவுக்கு 2013-ல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று போட்டார்கள். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்களே 50 ரூபாய் என்று அறிவித்துக்கொண்டன. தலைநகரத்துக்கே இந்த கதி என்றால் மலைக்கு யார் வருவார்கள்?

வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்தி நுழைவுக் கட்டணம் வாங்க நகராட்சிக்குத் தெரிகிறது. அதே இடத்தில் இன்னொரு போர்டு வைக்கட்டும். ஏரியிலிருந்து கோக்கர்ஸ் வாக்குக்கு இவ்வளவு, பில்லர் ராக்ஸுக்கு இவ்வளவு, காத்திருக்க மணிக்கு இவ்வளவு, சீசனிலும் இதே ரேட்டுதான் என்று. ஆப்போ ஸ்டாண்டோ, எல்லா வண்டிக்கும் அந்த ஒரே போர்டு. வருஷா வருஷம் டீசல் விலையைப் பார்த்து அதைத் திருத்தட்டும். மீறினால் புகார் சொல்ல ஒரு போன் நம்பர். அதை எடுக்க ஓர் ஆள்.