மயங்க வைக்கும் விதி மாற்றுதற்குரியதே!

ஒரு சட்டத்தின் சொல் இருபொருள் தருமாயின், அச்சட்டம் எழுதியவன் கையினின்று நழுவி, அதற்குப் பொருள்சொல்லும் வலியவன் கைக்குப் போய்விடுகின்றது. இது நாட்டுச் சட்டத்திற்கு மட்டுமன்று. பொருள்வைத்தாடும் சூதாகாமல் அறிவுத்திறனுக்காக நால்வர் அமர்ந்தாடும் சீட்டாட்டத்திற்கும் பொருந்தும்.

விதிநூலை மறுபதிப்புச் செய்யுங்கால், ஐயந்தரும் தொடர்களைத் திருத்துவதா, முன்னோர் எழுதியவாறே விடுவதா என்னும் வினா எழுகின்றது. பிரிட்சு ஆட்டத்தின் உலகக் கூட்டமைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் தன் சட்டநூலை முழுமையாக ஆய்வதைக் கடமையாகக் கொண்டுள்ளது. 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வெளிவந்தன. செய்யாவிடினும் தவறன்று என்பது தொடங்கி, செய்யாமை பெருங்குற்றம் என்பது வரை, விதிச்சொற்களின் அழுத்தம் ஐந்து படிகளாக அந்நூன்முகப்பிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது.

தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆடப்பெறும் முந்நூற்றுநான்கு ஆட்டத்தின் நிலை என்ன? ஓர் இனத்திற்கு 76, நான்கு இனத்திற்கும் 304 என்னும் கணக்கில் ஐயமில்லை. விதிகளோ பெரிதும் வாய்மொழியாக வருவன, இடத்துக்கிடம் வேறுபடுவன. 'கேட்ட இனம் கையில் இல்லாதவர் துருப்பால் வெட்டுவார்' என்று ஒருவர் எழுதிவைப்பதாகக் கொள்வோம். இது நடப்பைக் கூறுகின்றதா? கட்டளையிடுகின்றதா? வெட்டாமல் வேறு சீட்டை இறக்கியவர் பிழை செய்தவரா, தம் உரிமையைத் துய்த்தவரா? 'வெட்டலாம்' என்றோ 'வெட்டுதல் வேண்டும்' என்றோ எழுதிவிட்டால் பூசலுக்கு இடமேது?

'வெட்டலாம்' என்பது மென்மையான இசைவு; 'வெட்டலாகாது' என்பதோ வன்மையான தடை. ஆங்கிலச் சட்டநூல் இத்தகைய வேறுபாட்டைத் தனியே விளக்கவேண்டியிருக்க, தமிழ் அதனைத் தன் சொல்லமைப்பிலேயே உணர்த்திவிடுகின்றது. நூற்குற்றம் பத்தினுள் 'மயங்க வைத்தல்' என்பதனையும் ஒன்றாக நன்னூல் எண்ணியிருப்பதை நினைவுகூர்தல் வேண்டும்.

சொல்லை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும் என்பார் உளர். அவர்தம் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. தெளிவுபடுத்துகின்றோம் என்னும் பெயரால் புதுவிதியைப் புகுத்துதல் ஏமாற்றே. ஆகவே, வழக்கு ஒன்றாயிருக்குமிடத்துச் சொல்லை மட்டும் தெளிவாக்குக. வழக்கு இரண்டாயிருக்குமிடத்து, ஆடுவோர் அறிய ஒன்றனைத் தெரிந்து, மாற்றிய இடத்தைப் பதிப்பிலேயே வெளிப்படக் குறிக்க.

ஆட்டவிதியைத் தமிழில் ஐயமற எழுதப் பழகாத இனம், ஆட்சிச் சட்டத்தை எங்ஙனம் எழுதும்? தமிழில் விதிநூல் பதிப்போர் ஆங்கிலத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, தமிழின் ஆற்றலை நம்பி எழுதுவாராக!