எலும்புக்குப் பெயர் தேடும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு

2025 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர்க் கடலோரத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு மனித எலும்புகள் தட்டுப்பட்டன. மூதூர் நீதவான் நீதிமன்றம் தலையிட்டது, வேலை நின்றது. எத்தனை பேருடையவை, எந்தக் காலத்தவை, அங்கே முன்பு மயானம் இருந்ததா என்ற கேள்விகள் அதிகாரிகளின் மேசைக்குப் போயின. ஊரவர்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: இது யார்?

அதற்கு விடை சொல்லக்கூடிய வழி இன்று மரபணுப் பரிசோதனை. ஆனால் நாளைக்கே ஓர் அறிக்கை வந்தால் திருகோணமலையில் எத்தனை வீடுகள் அதை நம்பும்? கருவி இருப்பது வேறு, அதன் தீர்ப்பை எல்லோரும் ஏற்பது வேறு. இந்த இரண்டாவது காரியத்தை அரசாங்கம் தனியாகச் செய்துவிட முடியாது. மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்களச் சமூகங்கள் மூன்றும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் அது.

மன்னாரில் நடந்ததை மறக்க வேண்டாம். சதொச வளவில் 2018இல் திறக்கப்பட்ட புதைகுழியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019 மார்ச்சில் காபன் காலக்கணிப்பு சொன்னது. உறவுகளைத் தேடும் குடும்பங்கள் அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. முந்நூறில் ஆறு போதுமா, எந்த ஆறு, யார் தெரிந்தெடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் முதலிலேயே, மக்களுக்கு விளங்கும் மொழியில் பதில் கிடைத்திருக்க வேண்டும். அது நடக்காதபோது ஆய்வுகூடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் அறிக்கை வெறும் கடதாசிதான்.

மரபணுவை நம்பலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனையில் இடிபாடுகளுக்கிடையே மீட்கப்பட்ட கைக்குழந்தையை, ஆஸ்பத்திரியில் கொடுத்த இலக்கத்தால் 'குழந்தை 81' என்று உலகமே அழைத்தது. பெற்றோர் யார் என்பதை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனை மூலமே தீர்த்து, 2005 பெப்ரவரியில் பிள்ளையை ஒப்படைத்தது. 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது பொலிஸார் முதலில் பிடித்தவர்களில் ஒருவன் பள்ளி மாணவன். மரபணு பொருந்தவில்லை, அவன் விடுபட்டான். பின்னர் பிடிபட்ட ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டது. ஆனால் மரபணு அவருடைய சகோதரனையே காட்டியது. அந்தச் சகோதரனுக்கு 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆத்திரப்பட்ட ஊரும் அவசரப்பட்ட விசாரணையும் ஒரு மாணவனைக் குற்றவாளியாக்கப் பார்த்த வேளையில் அவனைக் காப்பாற்றியது ஆய்வுகூடம்தான்.

அதே அறிவியல் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி பாடம். நாற்பதளவு குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு அகப்பட, பொலிஸார் அவளைப் பல வருடங்கள் தேடினார்கள். அப்படி ஒரு குற்றவாளியே கிடையாது என்பது 2009இல் தெரியவந்தது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தொழிற்சாலையில் பொதி செய்த பெண்ணின் மரபணுதான் அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவை. ஆனால் மரபணு நீங்கியவை அல்ல.

ஆகவே, ஒரு முறையை வழக்கில் கையாளும் முன் அதைச் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த மாதிரிகளை ஆய்வுகூடம் தன் கையாலேயே செய்து பார்க்கும். எவ்வளவு குறைந்த அளவிலிருந்து சரியான விடை வரும்? இரண்டு பேர் இரண்டு நாட்களில் செய்தாலும் ஒரே விடை வருமா? இருவரின் மரபணு கலந்திருந்தால் பிரித்தறிய முடியுமா? எதுவுமே இடாத வெற்றுக் குழாயில் ஏதாவது தென்பட்டால் அந்தத் தடவை செய்த வேலை முழுவதையும் தள்ளிவைத்துவிட வேண்டும்.

சம்பூர் போன்ற இடத்துக்கு இது இன்னும் கடினம். தொடை எலும்பு அல்லது பல்லைத் தெரிந்து, மேற்பரப்பைச் சுரண்டி, தூளாக்கி, சுண்ணாம்பைக் கரைத்த பிறகே மரபணு வெளிவரும். வெப்பமும் ஈரமும் நிறைந்த மண்ணில் பல்லாண்டு கிடந்தால் அது துண்டு துண்டாக உடைந்திருக்கும். பச்சை இரத்தத்தில் அழகாக வேலை செய்த முறை இங்கே பாதியில் நின்றுவிடும். 2001இல் நியூயோர்க் கோபுரங்கள் சரிந்தபோது எரிந்து சிதைந்த எச்சங்களுக்காக, குறுந்துண்டுகளையும் வாசிக்கும் முறைகளை அறிவியலாளர் வளர்த்தெடுத்தார்கள். தாய்வழியே வரும் இழைமணி மரபணுவும் ஒரு துணை. இவற்றையெல்லாம் நம் வெயிலில், நம் மண்ணில் கிடந்த எலும்புகளில் சோதித்துப் பார்த்த பிறகே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, ஒப்பீட்டுக் கணக்கு. ஒரு பொருத்தம் எவ்வளவு வலுவானது என்பது, அந்த மரபணுக் குறி அந்தச் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் என எல்லோரும் வாழும் மாவட்டம் இது. சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுக்கும் சிறு ஊர்களும் உண்டு. வெளிநாட்டுப் புள்ளிகளை அப்படியே பொருத்தினால் கணக்குப் பிசகும். உள்ளூர்த் தரவைத் திரட்டும் பணியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பங்கெடுக்கலாம்.

இவை அனைத்திலும் அவசரமானது உறவினரின் மாதிரி. எலும்பு காத்திருக்கும்; பெற்றோர் காத்திருக்க மாட்டார்கள். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் தெருவோரம் அமர்ந்து போராடுகிறார்கள். பதில் கிடைக்காமலே பலர் கண்மூடிவிட்டார்கள். ஒவ்வொரு சாவோடும் மிக உறுதியான ஒப்பீட்டுச் சான்று ஒன்று மண்ணுக்குள் போகிறது. ஆர்ஜென்டினாவில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் 1980களில் தாங்களே விஞ்ஞானிகளின் கதவைத் தட்டினார்கள். அவர்களின் விடாப்பிடியால் 1987இல் அந்த நாடு தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டமாக்கியது. பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் பெரும்பாலானோருக்குப் பெயர் கிடைத்ததற்கும் உறவினர் கொடுத்த இரத்தமே அடிப்படை.

நம் குடும்பங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்தை வாங்கிக்கொண்டு, மரணச் சான்றிதழைக் கையில் திணித்து, கோப்பை மூடிவிடுவார்கள் என்ற பயம் அது. மரபணு 'யார்' என்று மட்டுமே சொல்லும். 'யார் கொன்றது' என்று சொல்லாது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள் 'கன் சைட்' எனப்பட்ட நிலத்தடிச் சிறைக்கூடங்களைக் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் நேரில் பார்த்தது. அங்கே நடந்ததை விசாரிக்கும் கடமை, ஓர் எலும்புக்குப் பெயர் கிடைத்ததும் முடிந்துவிடாது. அடையாளம் காண்பதும் நீதி விசாரணையும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது என்பது எழுத்தில் உறுதிப்பட வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை தெளிவானவை. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் தன் முறைகளைச் சோதித்த அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதி, வேறோர் ஆய்வுகூடம் மறுபடி பார்ப்பதற்காகச் சேமிக்கப்படட்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம் குடும்ப மாதிரிகளை இப்போதே முறையாகச் சேகரிக்கட்டும். அந்த மாதிரி பொலிஸ் தேடலுக்குப் போகாது என்ற உறுதி தேவை. மரபணுத் தரவுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடித்தளமாகலாம்.

மிச்சம் நம்முடையது. எலும்பு கண்ட இடத்தைச் சுற்றி நின்று மிதிப்பதும், கையில் எடுத்துக் காணொளி பிடிப்பதும் ஜெர்மனியின் பஞ்சுக்குச்சி செய்த அதே வேலையைத்தான் செய்யும். அந்த இடத்தைக் காக்கும் பொறுப்பைக் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலய நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்கலாம். பத்திரிகையாளர், சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கைக்கு முன் வயதையும் இனத்தையும் எழுதாமல் இருக்கலாம். அரசியல்வாதிகள் எலும்புக்கு முன்கூட்டியே இனப்பெயர் சூட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

தமிழ்த் தாய்க்கும், 1990இல் குருக்கள்மடத்தில் உறவைப் பறிகொடுத்த முஸ்லிம் குடும்பத்துக்கும், திரும்பி வராத சிப்பாயின் சிங்களத் தந்தைக்கும் தேவைப்படுவது ஒரே முறை, ஒரே தரம், ஒரே நேர்மை. ஒருவருக்குச் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும் ஆய்வுகூடம் மற்ற இருவருக்கும் பயன்படாது. அதனால் மூன்று சமூகத்தவரும் குடும்பங்களின் பிரதிநிதிகளும் அமரும் மாவட்டக் குழு ஒன்றை மாவட்டச் செயலகத்தில் கூட்டி, மாதிரிச் சேகரிப்புக்கான நிபந்தனைகளை எழுதி ஒப்பமிடுவோம். அடுத்த புதைகுழி திறக்கும்வரை அதைத் தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை.