பாதையை யாருக்கு மூடுவது?

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரை ஒட்டி, பசிபிக் கரையோரமாக ஏறத்தாழ 7,000 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது வைல்டர் ரான்ச் மாநிலப் பூங்கா. பெயரிலுள்ள ‘வைல்டர்’ என்பது காட்டைக் குறிக்கும் சொல் அன்று. அங்கே பால்பண்ணை நடத்திய குடும்பத்தின் பெயர். மலை மிதிவண்டிகளை இத்தகைய பூங்காக்களில் அனுமதிக்கலாமா என்னும் நெடுநாள் விவாதத்தில் இந்தச் சிறு செய்தியை நினைவிற்கொள்வது நல்லது. மனிதக் கை படாத இயற்கை ஒன்று அங்கே இருந்தது, அதைச் சக்கரங்கள் கெடுக்கின்றன என்பதே எதிர்ப்பாளர்கள் பலரின் வாதம்.

அந்நிலம் அப்படி இருந்ததில்லை. ஓலோனி மக்கள் தீயிட்டுப் புல்வெளிகளைப் பேணினார்கள். 1791இல் சான்டா குரூஸ் மிஷன் நிறுவப்பட்டபின் அது மேய்ச்சல் நிலமாயிற்று. பிறகு பால்பண்ணை வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டும் திட்டம் எழுந்தபோது உள்ளூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 1974இல் மாநில அரசு நிலத்தை வாங்கியது. ஆகவே அப்பூங்கா மக்கள் போராடிப் பெற்ற பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் எவரையேனும் விலக்க வேண்டுமெனில் அதற்குரிய காரணத்தைக் காட்டியாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மண் அரிப்பு, வனவிலங்குகளுக்கு நேரும் தொல்லை. மோன்டானா மாநிலத்தின் மலைப்பாதைகளில் வில்சன், சீனி ஆகியோர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணை மிகுதியாகக் கிளறிவிட்டவை குதிரைக் குளம்புகளே. மிதிவண்டிச் சக்கரங்கள் நடப்போரின் கால்களைவிடக் கூடுதலாகக் கெடுக்கவில்லை. யூட்டாவின் ஆன்டிலோப் தீவில் டெய்லர், நைட் ஆகியோர் நடத்திய 2003ஆம் ஆண்டு ஆய்விலும், நடப்பவரைக் கண்ட விலங்குகளின் எதிர்வினைக்கும் மிதிவண்டியில் வருபவரைக் கண்ட எதிர்வினைக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பாதையை விட்டு விலகி வருவோரைக் கண்டுதான் மான்கள் மிகுதியாக மிரண்டோடின.

இரண்டு ஆய்வுகளைக் கொண்டு வழக்கை முடித்துவிட இயலாது. மிதிவண்டியில் செல்பவர் ஒரே நாளில் நடப்பவரைவிட நெடுந்தொலைவு கடக்கிறார். செங்குத்துச் சரிவில் சக்கரத்தைப் பூட்டி வழுக்கினால் பள்ளம் விழும். மழையில் ஊறிய களிமண் பாதையில் ஓட்டினால் தடம் இறுகிப்போய் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். ஆனால் இவையெல்லாம் சரிவையும் ஈரத்தையும் வடிகாலையும் பற்றிய வினாக்கள். மழைக்குப்பின் சில நாள் பாதையை மூடுவதும், சரிவைக் குறைத்துப் பாதையைத் திருத்துவதும் அவற்றுக்குத் தீர்வாகும்.

எதிர்ப்பின் உண்மையான வேர் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. வளைவில் விரைந்து வரும் வண்டியைக் கண்டு ஒதுங்கும் முதியவரின் அச்சம் அது. 1976இல் மரின் மாவட்டத்தின் மலைச்சரிவில் ‘ரீபேக்’ பந்தயம் தொடங்கிய காலத்திலிருந்தே வேகம் இவ்விளையாட்டின் உயிராக இருந்துவருவதால், அந்த அச்சம் பொய்யன்று. எனினும் அது சமூகச் சிக்கல். சூழலியல் என்னும் போர்வையை அதற்குப் போர்த்தும்போது தவறான மருந்து தரப்படுகிறது. அதற்கு வேண்டுவது வேக வரம்பு, வளைவுக்கு அப்பாலும் பார்வை எட்டும்படி அமைத்த பாதை, நடப்பவருக்கு வழிவிடும் ஒழுங்கு ஆகியவையே.

விலக்க வேண்டிய இடத்தில் எப்படி விலக்குவது என்பதற்கும் அதே பூங்காவில் சான்றுண்டு. வைல்டர் கடற்கரை மணலில் ஸ்னோயி பிளவர் என்னும் சிறிய உப்புக்கொத்திப் பறவை முட்டையிடுகிறது. பசிபிக் கரையோரத்தில் வாழும் அவ்வினம் 1993இல் அமெரிக்க அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் கூடு மணலில் ஒரு சிறு குழி. முட்டைகள் மணலின் நிறத்தோடு கலந்திருக்கும். ஒரு காலடி போதும், அழிந்துபோக. ஆகவே அந்தக் கடற்கரை நடப்பவர், ஓட்டுபவர் என்ற வேறுபாடின்றி எவருக்கும் திறக்கப்படுவதில்லை. மேலே பாறை விளிம்பில் நின்று பார்க்கலாம், கீழே இறங்கலாகாது. வருபவர் யார் என்று பாராமல், அவ்விடத்துக்கு என்ன தேவை என்று பார்த்த விதி இது.

இவ்வளவு சொன்னபின் மிதிவண்டியாளர்களின் பொறுப்பையும் சொல்லாமல் விடலாகாது. அனுமதியின்றி மரங்களுக்கிடையே புதுப்பாதை வெட்டுவோர், வடிகாலைப் பற்றி எண்ணாமல் சரிவில் நேராக வெட்டுகிறார்கள். வகுத்த பாதைக்குள் அவர்களுக்கு இடமுண்டு என்ற வாதத்தையே அச்செயல் உடைத்துவிடுகிறது. தடை கேட்போரின் கையில் அவர்களே சான்றைக் கொடுக்கிறார்கள்.

1974இல் அந்நிலம் பிழைத்ததற்குக் காரணம், அதைத் தமது என்று கருதிய மக்கள் அருகிலேயே இருந்தது. அடுத்த கட்டுமானத் திட்டம் வரும் நாளில் மன்றத்தில் எழுந்து நிற்கப்போவோர், அந்தப் பாதைகளில் நடந்தும் ஓட்டியும் பழகியவர்களாகவே இருப்பார்கள். அவர்களுள் ஒரு பகுதியினரைக் காரணமின்றி வெளியே நிறுத்தும் பாதுகாப்பு, தன் காவலர்களையே குறைத்துக்கொள்கிறது.