பெரியவர் போதும் என்பவருக்கு

மனைவியை அடிக்கும் ஆண்களோடு பேசுவதற்குத் தனிப் பயிற்சி எதற்கு, இதற்கெல்லாம் விக்டோரியா மாநில அரசு செலவு செய்வது வீண் என்று வாதாடும் கட்டுரை ஒன்று சென்ற இதழில் வந்தது. உலகம் பார்த்த, நல்ல மனசுள்ள பெரியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் எந்த ஆணும் திருந்துவான் என்பது அதன் சாரம். மெல்பர்ன் தமிழர்களுக்காக அப்படி ஒரு பெரியவர்கள் குழு அமைய வேண்டும் என்ற யோசனையும் அதில் இருக்கிறது. நான் இந்த ஊரில் அப்படிப்பட்ட ஆண்களோடு பேசும் வேலையைச் செய்பவள். படித்து முடித்தபோது கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக வந்தது. அந்த யோசனையை யாராவது எடுத்துச் செய்துவிட்டால் அடி வாங்கப் போவது கட்டுரையாளர் அல்ல.

உட்காரவைத்துப் பேசுவது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார். அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று பார்ப்போம். பயிற்சி வகுப்புகளில் இதை ஒத்திகையாகவே செய்து பார்ப்பார்கள். ஒருவர் கணவனாக உட்காருவார்; இன்னொருவர் கவுன்சிலர். கணவன் ஆரம்பிப்பான்: "அன்னைக்கு ஆபீஸ்ல ஒரே டென்ஷன் சார். வீட்டுக்குள்ள கால் வைச்சதுமே அவ ஆரம்பிச்சுட்டா. நான் லேசா தள்ளினேன், அவ்வளவுதான். அவளும்தான் கத்தினா." புதிதாக வந்தவர் பெரும்பாலும் என்ன சொல்வார்? "புரியுதுங்க, உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்." கேட்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறான். "கவுன்சிலரே சொல்லிட்டார், என் மேல தப்பில்லைன்னு." அதுவரை கணவன் ஒருவனுக்குப் பயந்துகொண்டிருந்தவளுக்கு, வெளியே உதவி கேட்கப் போனாலும் அங்கேயும் அவன் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றைக்கு உறுதியாகிவிடுகிறது.

பயிற்சி பெற்றவர் அதே இடத்தில் வேறு மாதிரி கேட்பார். "தள்ளினேன்னு சொன்னீங்க. அப்போ உங்க கை எங்க இருந்துச்சு? அவங்களுக்குப் பின்னால என்ன இருந்துச்சு? பிள்ளைங்க எங்க நின்னுக்கிட்டிருந்தாங்க?" குரலை உயர்த்த மாட்டார், அவனை அவமானப்படுத்தவும் மாட்டார். மனைவி என்ன சொன்னாள் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் அதில் ஒரு சொல்லைக்கூட அவன் காதில் விழவிட மாட்டார். விட்டால் அன்று ராத்திரி அவளுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கேள்வி கேள்வியாகப் போகும்போது, கை தோளில் இல்லை, கழுத்தில் இருந்தது என்று வெளியே வரலாம். அந்த நொடியில் வேலையே மாறிவிடுகிறது. கணவன் ஒரு முறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவள் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். கழுத்தை நெரித்ததற்குப் பல சமயம் தோலில் தடயமே இருக்காது. கட்டுரையாளரின் பெரியவர் "லேசா தள்ளினேன்" என்பதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு வாக்கியம்: "அவ என்னை விட்டுப் போயிட்டா நான் செத்துருவேன்." பெரியவருக்கு இதில் பாசம் கேட்கும். கண்கூட நனையலாம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கோ இது அபாய அறிகுறி. அவள் பிரிந்து போகிற நாட்களோடு சேர்ந்துவிட்டால் இன்னும் பெரிய அபாயம். பிரிவுக்கு முன்னும் பின்னுமான காலம்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உயிராபத்து மிகுந்த காலம். இவை யாருக்கும் தானாகத் தெரிந்துவிடும் விஷயங்கள் இல்லை. இறந்துபோனவர்களின் கோப்புகளைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டவை.

அரசு இதற்கு ஏன் செலவு செய்கிறது என்று கேட்கிறார். 2014 பிப்ரவரியில் டயாப் என்ற ஊரில் கிரிக்கெட் பயிற்சி முடிந்த மைதானத்திலேயே 11 வயது லூக் பேட்டியை அவன் அப்பா கொன்றார். போலீஸ், நீதிமன்றம், குழந்தைகள் பாதுகாப்புத் துறை எல்லாவற்றுக்கும் அந்த மனிதரைத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு துண்டு தகவல் இருந்தது. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. லூக்கின் அம்மா ரோஸி பேட்டி சும்மா இருக்கவில்லை. 2015-இல் விக்டோரியா அரசு மார்சியா நீவ் தலைமையில் குடும்ப வன்முறை பற்றி ராயல் கமிஷன் அமைத்தது. 2016 மார்ச்சில் வந்த அறிக்கையில் 227 பரிந்துரைகள். வன்முறை செய்யும் ஆணை யாருடைய கண்ணிலும் படாமல் நழுவ விடக்கூடாது, அவனைச் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதிலிருந்து வந்தது. மாராம் என்று நாங்கள் சொல்லும் அபாய மதிப்பீட்டு முறையும் அப்படி வந்ததுதான். ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகு கற்ற பாடத்தை வீண்செலவு என்று எழுத இவருக்கு எப்படி மனம் வந்தது?

"அனுபவம் இருந்தால் போதும்" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். 2020 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் ஹன்னா கிளார்க்கையும் மூன்று பிள்ளைகளையும் காரோடு எரித்துக் கொன்றான், அவளைப் பிரிந்திருந்த கணவன். மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர், கணவன் எல்லை தாண்டித் தூண்டப்பட்டானா என்பதையும் திறந்த மனதோடு பார்ப்போம் என்ற பொருள்படப் பேசினார். நாடே கொதித்தது, அவரை அந்த விசாரணையிலிருந்து எடுத்தார்கள். அனுபவம் இல்லாத ஆளா அவர்? அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கொலைகாரனின் கதை அவர் அறியாமலே அவர் வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 2022-இல், மரண விசாரணை அதிகாரி கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று: குடும்ப வன்முறைப் பிரிவு போலீஸ்காரர்களுக்கு ஐந்து நாள் நேரடிப் பயிற்சி. ஆண்களுக்கான நடத்தை மாற்றத் திட்டங்களுக்கு நிதி கொடுங்கள் என்பது இன்னொன்று. அனுபவசாலிகளுக்கே பயிற்சி தேவைப்பட்ட இடத்தில், ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்கும்போது வரும் பெரியவருக்குத் தேவையில்லையாம்.

கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுத்தால் தீர்ந்தது என்கிறார். மனைவியை அடிக்கும் அந்த ஆள் மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு வருகிறவன். கதவைத் தட்டிய போலீஸிடம் அரை நிமிஷத்தில் பணிவாகப் பேசுகிறவன். அவனுக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். எங்கே அடக்க வேண்டாம் என்பதும் தெரியும்.

இதெல்லாம் பெண்ணியக் கொள்கைப் பிரசாரம், அமெரிக்காவின் டுலூத் நகரத்திலிருந்து வந்த சரக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அடிக்கும் ஆண்களுக்கான டுலூத் திட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எலன் பென்ஸ். எல்லா ஆண்களும் அதிகாரத்துக்காகவே அடிக்கிறார்கள் என்று முன்முடிவோடு இருந்துவிட்டோம், எதிரில் இருந்தவர்கள் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்று 1990-களின் முடிவில் அவரே எழுதினார். பிரசாரகர்கள் அப்படி எழுதுவதில்லை. அடிலெய்டில் ஆலன் ஜென்கின்ஸ் 1990-லேயே வேறொரு வழியைக் காட்டியிருந்தார்: அவன் எப்படிப்பட்ட அப்பாவாக, எப்படிப்பட்ட கணவனாக இருக்க விரும்புகிறான் என்று அவனிடமே கேட்டு, அதற்கும் அவன் செய்வதற்கும் உள்ள தூரத்தை அவனையே பார்க்கவைப்பது. இன்றைய பயிற்சியில் இரண்டும் இருக்கின்றன. கட்டுரையாளர் எதையும் படிக்காமல் ஒரு முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார்.

ஆய்வுகள் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். 2004-இல் ஜூலியா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய திட்டங்களின் பலன் சிறியதுதான் என்றார்கள். சரி, மறுபாதி எங்கே? 2015-இல் பிரிட்டனில் வந்த மிராபல் ஆய்வு ஆண்களை விட்டுவிட்டு அவர்களுடைய துணைவிகளிடம் கேட்டது. அறைவது, தள்ளுவது, எதையாவது தூக்கி எறிவது நடந்ததாகச் சொன்ன பெண்கள் தொடக்கத்தில் 87 சதவீதம், ஒரு வருடம் கழித்து 7 சதவீதம். ஆயுதத்தால் தாக்கியது 29 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. காசை இறுக்கிப் பிடிப்பது, வேவு பார்ப்பது மாதிரியான கட்டுப்பாடுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. பலன் சிறியது என்றால் வேலை கடினம் என்று அர்த்தம். கடினமான வேலையைப் பயிற்சியே இல்லாதவரிடம் கொடு என்ற முடிவுக்கு அதிலிருந்து எப்படிப் போனார் என்று அவர்தான் விளக்க வேண்டும்.

இனி அந்தப் பெரியவர்கள் குழு. நம்மூர் சமாதானப் பேச்சு எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைப்பார்கள். "நீ என்னம்மா சொல்றே?" அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், பேச்சு முடிந்ததும் அவனோடுதான் காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் "ஒண்ணுமில்லைங்க, சின்னச் சண்டைதான்" என்பாள். "அப்ப சரி, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று காபி வரும். வன்முறை நடக்கிற வீட்டில் தம்பதியைச் சேர்த்துவைத்துக் கவுன்சிலிங் செய்யக்கூடாது என்று இந்தத் துறை சொல்வது இதனால்தான். இங்கே துணைவி விசாவில் வந்த பெண்ணிடம் "உன் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவதும் வன்முறைதான் என்று எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? விசாவை ரத்து செய்யும் அதிகாரம் கணவனுக்கு இல்லை என்று அவளுக்குச் சொல்வார்களா? வரதட்சிணை கேட்டு மிரட்டுவதை 2019 முதல் விக்டோரியாவின் சட்டம் குடும்ப வன்முறைக்கு உதாரணமாகவே எழுதிவைத்திருக்கிறது. சீர்வரிசைப் பேச்சில் தாமே உட்கார்ந்தவர்கள் இதை எந்தப் பக்கத்திலிருந்து விசாரிப்பார்கள்?

விக்டோரியாவின் விதிப்படி ஆண்களுக்கான திட்டம் குறைந்தது 20 வாரம் நடக்க வேண்டும். அவன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் காலம் முழுவதும், அவனுடைய மனைவியோடு அல்லது முன்னாள் துணையோடு தொடர்பில் இருக்க வேறொரு ஊழியர் உண்டு. அவன் வகுப்பில் நல்ல பிள்ளையாகப் பேசுவதும் வீட்டில் நடப்பதும் ஒன்றுதானா என்று அவள் சொன்னால்தான் தெரியும். அவன் திடீரென்று வராமல் போனால் முதலில் எச்சரிக்க வேண்டியதும் அவளைத்தான். பெரியவர்கள் எத்தனை பேர், எங்கே கூடுவது, மாதம் எத்தனை முறை என்று வரிவரியாக எழுதியிருக்கும் கட்டுரையாளர், அந்தப் பெண்ணுக்கு யார் போன் செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.