வாழ்க்கைத்துணை அனுசரணை விண்ணப்பங்களின் காத்திருப்புக் காலம் தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு குடிவரவு, அகதிகள், குடியுரிமை அமைச்சர் அவர்கள், ஒட்டாவா

பிரதி: பொதுமன்றத்தின் குடியுரிமை மற்றும் குடிவரவு நிலைக்குழு உறுப்பினர்கள்

அனுப்புநர்: வாழ்க்கைத்துணையின் வரவுக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சங்கம், ரொறன்ரோ பெரும்பாகம்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். எமது உறுப்பினர்கள் கனடாவின் குடிமக்கள் அல்லது நிரந்தர வதிவாளர்கள். அவர்களுடைய கணவன்மாரும் மனைவிமாரும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும், சிலர் திருச்சியிலும் சென்னையிலும், விசா வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். இந்நாட்டின் மற்றச் சமூகங்களும் இதே துன்பத்தைப் படுகின்றன என்பதை அறிவோம். நாம் எமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து பேசுகிறோம்.

சலுகை கேட்டு வரவில்லை. 2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கனடாவில் குடும்பங்கள் ஒன்றுசேர வழிசெய்வதைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2016 டிசெம்பரில் அப்போதைய அமைச்சர் ஜோன் மக்கலம், அதுவரை இரண்டு ஆண்டு வரை இழுபட்ட துணைவர் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இனி 12 மாதங்களுக்குள் முடிக்கப்படும் என்று அறிவித்தார். அந்த வாக்கை நம்பித்தான் எமது பிள்ளைகள் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். இருவருக்கென்று வீடு பார்த்தார்கள்.

வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதற்கு எமது சாட்சியம் தேவையில்லை. கணக்காய்வாளர் நாயகம் கரன் ஹோகன் 2023 ஒக்டோபரில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்த அறிக்கையே போதும். வெளிநாட்டிலுள்ள துணைவர்கள் 2022இல் முடிவுக்காகச் சராசரியாக 15 மாதங்கள் காத்திருந்ததாக அது சொல்கிறது. சராசரி என்றால் 9 மாதத்தில் வந்தவரும் அதில் இருக்கிறார், மூன்றாவது ஆண்டில் நிற்பவரும் இருக்கிறார். வெளிநாட்டு அலுவலகங்கள் சிலவற்றில் ஊழியர் பலத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கோப்புகள் குவிந்திருந்ததையும், விண்ணப்பதாரர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு வேறுபட்டதையும் அதே அறிக்கை எடுத்துக்காட்டியது.

ஆனாலும் குறை ஊழியர்களிடம் மட்டும் இருப்பதாக நாம் கருதவில்லை. மூல காரணம் ஆண்டுதோறும் அமைச்சு வெளியிடும் குடிவரவு எண்ணிக்கைத் திட்டத்தில் இருக்கிறது. 2023 நவம்பரில் வெளியான திட்டம், துணைவர்களும் பிள்ளைகளுமாக 2025ஆம் ஆண்டுக்கு 84,000 இடங்களை ஒதுக்கியது. 2024 ஒக்டோபரில் வந்த அடுத்த திட்டம் அதே 2025க்கு 70,000 என்றது. 2026க்கு 66,500, 2027க்கு 61,000 என்று மேலும் இறக்கியது. ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்துக் கட்டணமும் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களின் காலடியிலேயே இந்த எண் சுருங்கியது. கதவைப் பாதி சாத்திவிட்டு வரிசை ஏன் நீளுகிறது என்று கேட்க முடியாது. வரும் விண்ணப்பங்கள் ஒதுக்கிய இடங்களைவிடக் கூடுதலாக இருந்தால், அதிகாரிகள் இரவு பகலாக உழைத்தாலும் மிச்சக் கோப்பு அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். 12 மாதம் என்ற வாக்கும் 61,000 என்ற எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே அமைச்சு ஒரே காலத்தில் சொன்னது.

தொழிலாளர் எத்தனை பேர் வேண்டும், மாணவர் எத்தனை பேர் வேண்டும் என்று ஓர் அரசு தீர்மானிக்கலாம். தன் குடிமக்களில் எத்தனை பேர் இவ்வாண்டு தம் மனைவியோடு வாழலாம் என்று தீர்மானிப்பது வேறு விடயம். ஆகவே எமது முதன்மைக் கோரிக்கை: வாழ்க்கைத்துணைவர்களையும் அவர்களைச் சார்ந்த பிள்ளைகளையும் ஆண்டு எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்க வேண்டும். அது உடனே முடியாதென்றால், கைவசம் உள்ள விண்ணப்பங்களின் தொகையை முதலில் கணக்கிட்டு, அவற்றை 12 மாதத்தில் முடிக்கத் தேவையான அளவுக்கு அடுத்த திட்டத்தின் எண்ணை உயர்த்த வேண்டும்.

அகதியாக வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எமது சங்கத்தில் இவர்கள் பலர்.

2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, பாதுகாப்புப் பெற்ற ஒருவர் தாம் விட்டுவந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று முடிவானால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகலாம். பழைய நாட்டின் கடவுச்சீட்டை எடுப்பதும் அங்கே போய்வருவதும் அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்படும். குடியுரிமை கிடைக்கும்வரை அவர் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தாலி கட்ட முடியாது. அதனால் பெண்வீட்டார் இந்தியாவுக்குப் புறப்படுகிறார்கள். திருச்சியிலோ சென்னையிலோ ஒரு சிறிய மண்டபம், இரு பக்கத்திலும் விசா கிடைத்த நாலு உறவினர், ஒரு ஐயர், ஒரு படப்பிடிப்பாளர். இரண்டு மூன்று கிழமை ஒன்றாக இருந்துவிட்டு, லீவு முடிய அவர் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறார், அவள் ஊருக்குத் திரும்புகிறாள். மறுபடி சந்திக்க வேண்டுமென்றால் இருவரும் மூன்றாவது நாடொன்றுக்குச் செலவழித்துப் போக வேண்டும்.

இந்தக் கோப்பு அதிகாரியின் மேசைக்கு வரும்போது என்ன தெரிகிறது? பெற்றோர்கூட முழுமையாக வராத திருமணம். இருவருக்கும் ஊரல்லாத ஓர் ஊர். குறுகிய தங்கல், அதன்பின் சந்திப்பே குறைவு. திருமணம் உண்மையானதா, குடிவரவுக்காகவே செய்யப்பட்டதா என்று பார்க்கச் சொல்லும் குடிவரவு விதிகளின் 4ஆம் பிரிவை வைத்து வாசித்தால் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். நேர்முகத்துக்கு அழைப்பு வரும், கோப்பு இன்னும் பல மாதம் தள்ளிப்போகும். ஊருக்குப் போகாதே என்பது கனடாவின் சட்டம். போகாததால் உறவு பொய்யானதோ என்று கேட்பதும் அதே சட்டத்தின் கீழ் வேலை செய்யும் அதிகாரி. பாதுகாப்புப் பெற்றவர்களின் துணைவர் விண்ணப்பங்களில் மூன்றாம் நாட்டுத் திருமணத்தையும் குறைந்த சந்திப்பையும் பாதகமாக எடுக்கக் கூடாது என்று அதிகாரிகளின் வழிகாட்டுக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுமாறு கோருகிறோம்.

பேச்சுக் கலியாணம் பற்றியும் இதே குறிப்பில் சேர்க்க வேண்டும். சாதகம் பார்த்து, பெரியவர்கள் பேசி, சம்மதம் ஆன பிறகுதான் எமது பிள்ளைகள் தொலைபேசியில் பேசத் தொடங்குகிறார்கள். திருமணத்துக்கு முந்தைய நீண்ட பழக்கத்துக்குப் படங்களும் உரையாடல்களும் கேட்டால் அவர்களிடம் இருக்காது. இருப்பது குறிப்புப் பார்த்த கடதாசியும் நிச்சயதார்த்தப் படமும் மாமா, சித்தி எழுதிய கடிதங்களும்தான். இவையும் சான்றுகளே.

பாதுகாப்புச் சோதனை பற்றிச் சொல்லத் தயங்குவோர் எம்மிடையே உண்டு. ஆயினும் சொல்லாமல் விட முடியாது. வடக்கு கிழக்கில் போர்க்காலத்தில் வளர்ந்த ஆண்களின் கோப்புகள், சிலவேளை பெண்களின் கோப்புகளும், பின்னணிச் சோதனை என்ற கட்டத்தில் போய் நின்றுவிடுகின்றன. சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லைச் சேவை முகவரகமும் புலனாய்வுச் சேவையும் தம் கடமையைச் செய்யட்டும். ஆனால் அவர்கள் பதிலளிக்க வேண்டிய கால எல்லை என்ன என்று விண்ணப்பதாரருக்குச் சொல்லப்படுவதில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம், மறுப்பதாக இருந்தால் மறுக்கலாம். மறுத்தால், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்த குடும்பப் பிரிவினரில் பெரும்பாலோருக்குக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் கீழ் வரும் மறுப்பென்றால் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது. முடிவே இல்லாத கோப்புக்கு எந்த மேன்முறையீடும் இல்லை. முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடுமாறு கூட்டாட்சி நீதிமன்றத்தைக் கேட்கும் வழி ஒன்று இருக்கிறதுதான். ஆனால் அதற்கான வழக்கறிஞர் கட்டணம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவரின் சேமிப்பைத் தின்றுவிடும். பாதுகாப்புச் சோதனைக்கு எழுத்திலான கால எல்லையும், அது தாண்டும்போது காரணத்தோடு கூடிய அறிவித்தலும் வேண்டும்.

அறிவித்தல் என்பதே இன்று இல்லாத ஒன்று. இணையக் கணக்கில் மாதக்கணக்காக ஒரே வரி நிற்கிறது. எழுதிக் கேட்டால், கோப்பு பரிசீலனையில் உள்ளது என்ற ஆயத்தமான பதில் வருகிறது. கடைசியில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: 5 டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் தம் கோப்பின் குறிப்புகளையே கேட்டு எடுப்பது. தகவல் ஆணையாளர் 2021இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை இதைத்தான் சொன்னது. கூட்டாட்சி அரசின் நிறுவனங்களில் மிக அதிகமான தகவல் கோரிக்கைகள் குடிவரவு அமைச்சுக்கே வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை தம் விண்ணப்பத்தின் நிலையை அறிய விரும்புவோருடையவை. ஒரு கோப்பு எந்தக் கட்டத்தில், எந்த அலுவலகத்தில், எதற்காக நிற்கிறது என்பதைக் கணக்கிலேயே காட்டினால் அந்தக் கோரிக்கைகளில் பெரும்பகுதி தேவைப்படாது.

காத்திருப்பு நீளும்போது கடதாசிகளும் காலாவதியாகின்றன. மருத்துவப் பரிசோதனை 12 மாதத்துக்கே செல்லும். பொலிஸ் சான்றிதழையும் புதிதாகக் கேட்கிறார்கள். தாமதம் அமைச்சினுடையது, இரண்டாவது பரிசோதனையின் செலவு விண்ணப்பதாரருடையது. 12 மாதத்தைத் தாண்டிய கோப்புகளில் இச்செலவை அமைச்சே ஏற்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் சேர்ந்து வாழ வழியுண்டா என்றால், அதுவும் அடைபட்டிருக்கிறது. அனுசரணை செய்பவர் நிரந்தர வதிவாளராக இருந்தால் அவர் கனடாவில்தான் வசிக்க வேண்டும். மனைவியோடு போய் இருந்தால் தகுதி போகும். மனைவி சுற்றுலா விசாவில் வரலாமா? தற்காலிகமாக வருபவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணமும் இருப்பது தடையாகாது என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. 2023 மே மாதம் அப்போதைய அமைச்சர் ஷோன் பிரேசர், துணைவர் விண்ணப்பதாரர்களின் வருகை விசாக்கள் விரைவாகப் பரிசீலிக்கப்படும் என்றும் அறிவித்தார். ஆயினும், திரும்பிப் போவார் என்று திருப்தியில்லை என்ற காரணத்தோடு மறுப்புக் கடிதங்கள் எமது உறுப்பினர்களுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. கணவன் கனடாவில் இருப்பதே அவளை மறுப்பதற்கான காரணமாகிறது. அனுசரணையாளரின் தகுதி ஏற்கப்பட்டதும், பாதுகாப்பு ஆட்சேபம் இல்லாத துணைவருக்கு வருகை விசாவும் வந்திறங்கியதும் வேலை அனுமதியும் வழங்கும் ஏற்பாடு வேண்டும். குழந்தை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது அளவுக்கு மிஞ்சிய கோரிக்கை ஆகாது.

மொன்றியலில் வாழும் எமது உறவுகளின் நிலை இன்னும் மோசம். கியூபெக் அரசு 2024 ஜூன் 26 முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குடும்பப் பிரிவில் 13,000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று விதித்தது. துணைவர்களுக்கான பங்கு அக்காலம் முடியுமுன்பே நிரம்பிவிட்டது. அங்கே காத்திருப்பு மற்ற மாகாணங்களைவிட மிக நீண்டது. மாகாண அதிகாரம் பற்றிய உடன்படிக்கையை நாம் அறிவோம். ஆனால் ஒரே கடவுச்சீட்டை வைத்திருக்கும் இருவரில், ஒட்டாவா ஆற்றின் இக்கரையில் இருப்பவருக்கு ஒரு காலம், அக்கரையில் இருப்பவருக்கு வேறு காலம் என்பதைக் கூட்டாட்சி அமைச்சர் கியூபெக் அரசோடு பேசித் தீர்க்க வேண்டும்.

இவற்றை ஒரேநாளில் நிறைவேற்றுமாறு நாம் கேட்கவில்லை. வழிகாட்டுக் குறிப்பைத் திருத்துவதற்கும், கோப்பின் நிலையைக் கணக்கில் காட்டுவதற்கும், மருத்துவச் செலவை ஏற்பதற்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தங்கள் கையொப்பம் போதும். அவற்றை இவ்வாண்டுக்குள் செய்யுங்கள். எண்ணிக்கை வரம்பைப் பற்றிய கோரிக்கையை அடுத்த திட்டம் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுமுன் பரிசீலியுங்கள். நிலைக்குழு எமது உறுப்பினர்களை நேரில் அழைத்துக் கேட்குமானால், கோப்புகளோடு ஒட்டாவாவுக்கு வர ஆயத்தமாக இருக்கிறோம்.

இம்மனுவுக்கு 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தருமாறும், எமது பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாளை ஒதுக்குமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சங்க உறுப்பினர்களின் சார்பில்