வீட்டின் புறச்சுவர்: குறுக்கோ, நெடுக்கோ?

வீடு கட்டப் புகுவோர் அஸ்திவாரத்தைக் குறித்துப் பலகால் ஆலோசிக்கின்றனர். அறைகளின் அளவைக் குறித்துக் குடும்பத்தாருடன் வாதிக்கின்றனர். ஆனால் புறச்சுவருக்கு எதனைப் போர்த்துவது, அதன் வரிகளைக் குறுக்கே ஓடவிடுவதா, நெடுக்கே நிறுத்துவதா என்னும் விஷயத்தைக் கண்ணின் விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றனர். நமது காவிரி நாட்டில் இதனை முதலில் மழையினிடம் கேட்டு, அதன் பின்னரே கண்ணினிடம் கேட்டல் வேண்டும் என்பது எமது துணிபு.

ஐப்பசி கார்த்திகைகளில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழை சாய்ந்து வீசுவது. கூரை மறைக்காத சுவரைச் சாரல் தேடிப் பிடிக்கும். ஆற்று வண்டலாலாகிய இந்நாட்டில் கல் அரிது. ஆதலின் உள்ளவர் செங்கல்லாலும் இல்லாதவர் மண்ணாலும் சுவர் வைத்தனர். நனைந்து ஊறிய மண்சுவர் இரவில் இடிந்து, உறங்கினோர் மாண்டனர் என்னும் செய்தியை மழைக்காலந்தோறும் நாம் வாசித்து வருகின்றோம். ஆகவே சுவரின் போர்வை அலங்காரத்தைமட்டும் பற்றியதன்று, உயிரையும் பற்றியது.

இதனை நமது குடியானவர் நன்கறிவர். தென்னை மட்டையை நடுவே பிளந்து, ஊறவைத்து, ஓலைகளை முடைந்து கீற்றாக்குகின்றனர். அக்கீற்றைக் கட்டுங்கால் மட்டை குறுக்கே கிடக்குமாறு அடியிலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூடும்படி ஏறிச் செல்கின்றனர். மேலே விழுந்த துளி ஒவ்வொரு வரிசையாக இறங்கி நிலத்தை அடைகிறதேயன்றி உள்ளே புகுவதில்லை. அதே கீற்றுக்களை நெடுக்கே நிறுத்தினால் இரண்டிற்கும் இடைப்பட்ட பொருத்து மேலிருந்து கீழ்வரை ஒரே வழியாய்த் திறந்து, சாரலை வரவேற்கும். இதனால் ஒன்றன்மேலொன்று படிய வைக்கும் போர்வைக்குக் குறுக்கு வரிசையே தக்கது என்பது விளங்கும்.

நெடுக்கு வரிசைக்கும் நியாயம் உண்டு. நெளிதகரத்தின் பள்ளங்கள் நீர் ஓடும் வழியே இறங்குதல் நன்று. மரப்பலகையை நெடுக்கே நிறுத்தினால் நீர் அதன் நார்வழியே விரைந்து வடியும்; ஆயினும் பலகையின் அடிமுனை நிலத்தைத் தொட்டால் ஈரத்தை உறிஞ்சி இற்றுப்போம். நார்வே தேசத்தார் இதனை அனுபவத்திற் கண்டனர். மண்ணில் ஊன்றிய கம்பங்களோடு அவர் முதலிற் கட்டிய மரக்கோயில்கள் அடி மக்கி அழிந்தன. பின்னர் கல்லின்மேல் கிடைமரம் பரப்பி, அதன்மேல் பலகைகளை நெடுக்கே நிறுத்தினர். அவ்வாறு ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் எழுந்த போர்குண்டு மரக்கோயில் இன்றும் நிற்கின்றது. நெடுக்கே நின்ற பலகையைக் காத்தது அடியிற் குறுக்கே கிடந்த மரமே என்பதை மாணவர் கவனிப்பாராக.

அத்துணைத் தூரம் செல்லவும் வேண்டா. 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவரை உற்று நோக்குவோம். அடித்தளத்தின் வரிகள் யாவும் குறுக்கே ஓடுகின்றன. கல்வெட்டுக்களும் அவற்றின் வழியே ஓடுகின்றன. அவற்றின்மேல் அரைத்தூண்கள் நெடுக்கே நிற்கின்றன. தூண்களின் தலைக்குமேல் கொடுங்கை மீண்டும் குறுக்கே வளைந்து, வெளியே நீண்டு, நிழலும் மறைவும் தருகின்றது. ஓலைக்கூரையின் இறவாரத்தையே கல்லிற் செய்தனர் என்று சிற்பநூலறிஞர் கூறுவர். தாங்குவது நெடுக்கு, காப்பது குறுக்கு என்னும் நியதியை அச்சுவர் ஆயிரம் ஆண்டுகளாய்ப் போதித்து வருகின்றது.

நிற்க. தற்காலத்து வீடுகளின் நிலை யாது? கீற்று அகன்று சிமெண்டு வந்தது. அதனை நாம் குறைகூறோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலிற் குடிசைகள் பட்ட பாட்டைக் கண்டோர் ஓலைவீட்டை ஏழைக்கு உபதேசிக்க நாணுவர். குடிசைகளை ஒழிக்கும் நோக்கத்துடன் 2024-ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்குவதும் வரவேற்கத்தக்கதே. எமது கவலை வேறு. அளவான பணத்தில் எழும் சிறிய வீட்டின் முகப்பில், அதனை உயரமாய்க் காட்டும்பொருட்டு, நெடுக்குப் பட்டைகளாக ஓடு பதித்தலும் வர்ணம் தீட்டலும் மிகுகின்றன. ஜன்னலின்மேல் நீண்டிருக்கவேண்டிய சன்ஷேடோ ஒரு சாணாய்க் குறுகுகின்றது, அல்லது மறைந்தே போகின்றது. இரண்டு மழைக்காலங்கள் கழியுமுன் சுவர் கறுத்து, பூச்சு உப்பி, உள்ளறையில் ஈரம் பூக்கின்றது. கடன்பட்டுச் செய்த அலங்காரம் கடன் தீருமுன்னே தீர்ந்துபோகின்றது.

நெடுக்கு வரி சிறு வீட்டிற்கு உயரமும் கம்பீரமும் தருமே என்பர் சிலர். மெய்தான், பெரிய கோயிலின் அரைத்தூண்களும் அதனைச் செய்கின்றன. ஆனால் அவற்றிற்குத் தலைமேற் கொடுங்கையும் காலடியில் உயர்ந்த தளமும் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. ஆதலின் நாம் கூறும் முறை இது: கைப்பொருளை முதலில் தரைமட்டத்தை உயர்த்துவதிற் செலவிடுக, அடுத்து, கூரையின் விளிம்பையும் சன்ஷேடையும் இரண்டடியேனும் வெளியே நீட்டுக, அவற்றின் அடிப்பக்கத்தில் ஓரத்தையொட்டி ஒரு சிறு பள்ளக்கோடு கீறுக, நீர் சுவருக்குத் திரும்பாது அங்கேயே சொட்டிவிடும். இவற்றின் பின்னர் பணம் எஞ்சினால், சுவரின் முகத்தில் குறுக்காயினும் நெடுக்காயினும் மனம்போல் வரியிடுக.

மணல்மேல் வீடு கட்டிய மனிதனைப் பற்றிய உவமையை நமது கலாசாலையில் கேளாதார் இலர். அதில் அஸ்திவாரத்தையே பெரிதும் எண்ணுகின்றோம். அவ்வீட்டின்மேல் மழையும் காற்றும் மோதியதையும் சேர்த்து எண்ணுவோமாக. இங்குப் பயின்று பொறியாளராயும் ஊராட்சி உறுப்பினராயும் வீட்டுத் தலைவராயும் செல்லும் நண்பர்கள், தம் ஊரில் எழும் அடுத்த வீட்டின் முகப்பு வரைபடத்தைக் காணும்போது வர்ணத்தைப் புகழுமுன், மழை எங்கே விழும், எவ்வழியே வடியும் என்று ஒரு வினாவை எழுப்புவார்களாயின், அக்கேள்வி ஏழைக் குடும்பம் ஒன்றின் உலர்ந்த உறக்கத்திற்கு உதவும்.