கடாய் வேண்டாம், தோசைக்கல் போதும்

ஹாமும் வான்கோழிக் கறியும் சீஸும் அடைத்த பிரெட்டை முட்டையில் முக்கிப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஜாமும் வைத்துக் கொடுத்தால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். அமெரிக்காவில் அதற்குப் பெயர் மான்டி கிறிஸ்டோ சாண்ட்விச். கலிஃபோர்னியாவில், ஆனஹைமில் இருக்கும் மகள் வீட்டில் போய்த் தங்கும்போதெல்லாம் நான் அதைச் செய்கிறேன். முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆசையாக வீட்டில் செய்ய இறங்கி, கடாய் நிறைய எண்ணெயைக் காயவைத்து அதற்குள் அதைத் தள்ளுகிறவர்களோடுதான் சண்டை.

இந்தக் கடாய்ப் பழக்கத்துக்குப் பெரிய காரணம் உணவகங்கள்தான். ஆனஹைமில் கேட்டால் டிஸ்னிலேண்டைக் கைகாட்டுவார்கள். அங்கே கடற்கொள்ளையர் படகுச் சவாரியும் அதை ஒட்டிய ப்ளூ பாயூ உணவகமும் 1967 மார்ச்சில் ஒரே நாளில் திறந்தன. வெளியே உச்சிவெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இரவுதான். விளக்குகள் மினுங்க, சாப்பிடுகிறவர்களைக் கடந்து படகுகள் போய்க்கொண்டிருக்கும். அந்த இருட்டில் மாவுக்கவசத்தோடு பொரிந்து வந்த மான்டி கிறிஸ்டோவைத் தின்றவர்கள், ஊருக்குத் திரும்பியதும் அதே மாதிரி செய்யப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சலஸில் தொப்பி வடிவக் கட்டடத்தால் பேர்பெற்ற பிரவுன் டெர்பி உணவகம் 1949-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. மூன்று துண்டு பிரெட், இடையில் ஹாம், கோழி, சுவிஸ் சீஸ். லேசான முட்டைக் கலவையில் முக்கி, எல்லாப் பக்கமும் வெண்ணெயில் வாட்டச் சொல்கிறார்கள். எண்ணெய்க் கடாய் என்ற பேச்சே இல்லை. இதற்கு மூத்ததாகச் சொல்லப்படும் பாரிஸின் குரோக் மெஸ்யூ சாண்ட்விச்சும் கடாயைப் பார்த்ததில்லை. சர்க்கரையும் ஜாமும்கூட அதில் கிடையாது. அவை அமெரிக்கர்கள் சேர்த்தது, நல்ல காரியம்தான் செய்தார்கள்.

மதுரையில் பல காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். அடுப்படியிலும் அந்தப் புத்தி போகாது. மாவில் முக்கியது மொறுமொறுப்பாகப் பொரிய எண்ணெய் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் நீராவியாகி வெளியேறிக்கொண்டே இருப்பதால், எண்ணெய் உள்ளே நுழைய இடம் கிடைப்பதில்லை. உணவகத்தில் இருப்பது பெரிய எண்ணெய்த் தொட்டி. சூடு குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கடாயில் இருப்பதோ ஒரு லிட்டர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியும் சீஸும் அடைத்த தடித்த சாண்ட்விச்சை அதில் போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். நீராவி மந்தமாகும், பிரெட் எண்ணெயைக் குடிக்கும். பயந்துபோய்த் தீயைக் கூட்டினால் மேலே கருகும், நடுவிலுள்ள சீஸ் அப்படியே விறைப்பாக இருக்கும். இதில் சமைக்கிறவர் கைமேல் தப்பில்லை. பாத்திரத்துக்கு மீறிய வேலை அது.

தோசைக்கல்லில் அந்தத் தொல்லை இல்லை. முந்தின நாள் பிரெட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். புதியது முட்டையில் ஊறிக் கிழிந்துவிடும். மூன்று துண்டுக்குப் பதில் இரண்டு போதும் என்பது என் கட்சி. உட்பக்கம் வெண்ணெய் தடவி, இரண்டு துண்டின்மீதும் சீஸ் வைத்து, கறியை நடுவில் வையுங்கள். சீஸ் உருகி இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் புரட்டும்போது பிரிந்துவராது. கறித்துண்டில் ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் அதன்மேல் ஒரு கனமான தட்டைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுந்தவிடுங்கள். இதைச் செய்யாமல் அவசரப்படுகிறவர்கள் கல்லின்மேல் கறி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். சாண்ட்விச்சை ஒவ்வொரு பக்கமும் சில நொடிதான் முக்க வேண்டும், ஓரங்களையும் விடாமல். வெண்ணெயிலுள்ள பால்சத்து சீக்கிரம் கருகிவிடும் என்பதால் நான் கல்லில் நெய்தான் ஊற்றுவேன். பிரவுன் டெர்பிக்காரர்கள் மன்னிக்கட்டும். மிதமான தீயில் வைத்து, முதல் பக்கம் சிவக்கும்வரை மூடிவைத்தால் உள்ளே சீஸ் இளகத் தொடங்கிவிடும். திருப்பிப்போட்டு மறுபக்கமும் சிவந்ததும், கிடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து நான்கு ஓரங்களையும் கல்லில் காட்டுங்கள். ஓரத்தில் பச்சை முட்டை நின்றால் எல்லாம் கெட்டது.

எண்ணெயே வேண்டாம் என்று ஏர் ஃப்ரையரில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முட்டை இறுகுவதற்குள் அதன் கம்பிகள் வழியே சொட்டிவிடும். எஞ்சுவது காய்ந்த பிரெட்.

சீஸில் க்ரூயேர் அல்லது எமென்டால் கிடைத்தால் நல்லது. சாதாரணச் சீஸ் ஸ்லைஸும் பழுதில்லை. பனீர் மட்டும் வேண்டாம். புளிப்பு ஊற்றித் திரிப்பதால் பாலின் புரதத்தைப் பிணைத்திருந்த கால்சியம் கரைந்து போய்விடுகிறது. அதனால் எவ்வளவு சுட்டாலும் பனீர் உருகுவதில்லை. கறி சாப்பிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே டிஸ்னிலேண்டின் கஃபே ஆர்லீன்ஸில் மூன்று வகைச் சீஸ் மட்டும் வைத்த மான்டி கிறிஸ்டோ உண்டு.

இனி அந்தச் சர்க்கரை. உப்புப் பண்டத்தில் இனிப்பா என்று கேட்கிறவர்கள், அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுத் தின்ற வீட்டில் பிறந்தவர்கள்தானே? கொஞ்சம் உப்பு இருந்தால் இனிப்பு எடுப்பாகத் தெரியும். ஹாமும் சீஸும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஜாம் புளிக்க வேண்டும். ராஸ்பெர்ரி, சிவப்பு கரன்ட், எதுவானாலும் நாக்கைச் சுண்ட வேண்டும். நெய்யின் கொழுப்பைக் கழுவுவது அந்தப் புளிப்புதான். நம் கடைகளில் கிடைக்கும் கலவைப் பழ ஜாம் தித்திப்பு மட்டும்தான், அதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சர்க்கரைப் பொடியைப் பரிமாறும் நொடியில் சல்லடையால் தூவ வேண்டும். முன்னாலேயே தூவினால் சூட்டில் கசிந்து பிசுபிசுக்கும். என் மருமகன் இது எதையும் தொடமாட்டார். அவருக்கு மட்டும் சீஸ் டோஸ்ட் என்று சொல்லித் தட்டில் வைத்துவிடுகிறேன்.

அமெரிக்க வீடுகளில் இதற்குத் தோதான நாள் நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள். நன்றி நவிலும் விருந்துக்கு வாட்டிய வான்கோழி பாதிக்குமேல் மீந்து ஃப்ரிட்ஜை அடைத்துக்கொண்டிருக்கும். நெஞ்சுக்கறி வறண்டு, யாரும் சீந்தமாட்டார்கள். அதை மெல்லியதாக அரிந்து சீஸுக்கு நடுவில் வைத்தால் வறட்சி தெரிவதே இல்லை. விருந்தின் கிரான்பெர்ரி சாஸும் கொஞ்சம் மீந்திருக்கும். 1949 புத்தகத்திலேயே ஜாமுக்கு மாற்றாக அதைச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குத் தனியாக ஜாம் வாங்கப் போக வேண்டாம்.